பக்கத்து ஊட்டு வண்டி

உனக்கு எழுதும் கடிதத்தை எப்போதும் ‘கண்ணு’ என்றுதான் தொடங்குவேன். இன்றைக்கு அந்த வார்த்தை பேனாவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. உதறிப் பார்த்தேன், மைதான் சேலையில் கொட்டியது. அதனால் மொட்டையாகவே ஆரம்பிக்கிறேன். நான் நலம், உன் அப்பா நலம், மாடு நலம். பக்கத்து வீட்டு வடிவேலு நொம்ப நலம். அவனுக்கு ஒரு கார் கிடைத்திருக்கிறது. யார் கொடுத்தது என்று கேட்காதே, நீதான் கொடுத்தாய். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். கோபத்தில் இன்னும் கோணும். பொறுமையாகக் கூட்டிப் படி.

போன வியாழக்கிழமை உன் மாமனாராகப் போகிறவர் தன் பாத்திரக் கடையைச் சாத்திவிட்டு மலைக்கு வந்தார். நான் களத்தில் காப்பிக் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தேன். வந்தவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன், மிளகு போட்ட முறுக்கும் கொடுத்தேன். கல்யாணப் பேச்செல்லாம் பேசிவிட்டு, “பக்கத்து ஊட்டுல ஒரு சோலி இருக்குதுங்க சம்பந்தி, பார்த்துட்டு அப்படியே பஸ் ஏறிக்கறேன்” என்று வடிவேலு வீட்டுக்குள் போனார். பெண் வீட்டார் பக்கத்து வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் நிச்சயமெல்லாம் முடிந்து பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகு என்ன விசாரணை? வடிவேலு பெண்டாட்டி பொன்னி எதையாவது உளறி வைப்பாளோ என்று வேலி ஓரமாகவே நின்றேன். அவர் பஸ் ஏறிப் போனதும் வடிவேலு தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“ஏனுங்கக்கா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“நீ மொதல்ல கேளு. கோவிச்சுக்கறதா வேண்டாமான்னு அப்பறம் பாத்துக்கலாம்.”

“நான் எப்பங்க்கா காரு வாங்குனேன்?”

“ஏன் வடிவேலு, இந்தக் குளுருலயுமா உனக்கு மண்ட காயுது?”

“இல்லீங்க்கா. உங்க சம்பந்தி வந்து, ‘உங்க பச்ச வண்டியக் கல்யாணத்தன்னைக்கி வாடகைக்கு உடுவீங்களா’ன்னு கேக்கறாருங்க. உங்க வாசல்ல நிக்குதே, அதத்தான் கையக் காட்டறாரு. ‘அது பக்கத்து ஊட்டு வண்டிங்க, அவங்களுக்கு எடமில்லாம இங்க நிறுத்தியிருக்காங்க’ன்னு நிச்சயத்தன்னைக்கி நம்ம தம்பிதான் சொல்லுச்சாம்.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்றதுங்க? தம்பியக் காட்டிக் குடுக்க முடியுமுங்களா? அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம சொல்றேனுங்கன்னு அனுப்பி வெச்சேன்.”

முதலில் நான் சிரித்துவிட்டேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே, எழவு வீட்டிலும் யாருக்காவது வேட்டி அவிழ்ந்தால் சிரித்துத் தொலைப்பவள். கார்க்காரரே, உங்க வண்டிக்கு ஒரு வாளித் தண்ணி ஊத்துங்க என்று வடிவேலுவைக் கிண்டல்கூடச் செய்தேன். அவன் சிரிக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். திரும்பினால், மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணி காட்டிவிட்டு உன் அப்பா கையில் வாளியோடு நிற்கிறார். முழுவதும் கேட்டிருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் பரணில் இருந்த தார்ப்பாயை இறக்கி வண்டியின் மேல் போர்த்தி, நான்கு மூலையிலும் கயிறு கட்டினார். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. “எதுக்குங்க இப்ப இது?” என்றேன். “பனி” என்றார். இத்தனை வருஷப் பனியிலும் அந்த வண்டி திறந்தவெளியில்தானடா நின்றது. அந்த நிமிஷம் என் சிரிப்பு நின்றது. இன்று வரைக்கும் திரும்பவில்லை.

பழைய வண்டி, ஓடாத வண்டி, விற்கப் போகிறோம் என்று என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஓட்டை என்று சொல்லியிருந்தாலும் நான் ஆமாம் போட்டிருப்பேன், அதை என்னைவிட யாரும் திட்டியதில்லை. திட்டுவது வேறு. நம்முடையது இல்லை என்பது வேறு. நாளைக்கு அந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்து, மறுநாள் காலையில் எழுந்து வாசலுக்கு வருவாள். உன் அப்பா தினமும் செய்வது போல ஈரத்துணியால் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அப்போது என்ன சொல்வாய்? பக்கத்து வீட்டு வண்டியைத் துடைக்க எங்கப்பாவைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்றா? அதையும் சொல்வாய். ஒரு பொய் சொன்னவனுக்கு அடுத்தது கஷ்டமாக இருக்காது.

அந்த வண்டி எப்படி வந்தது என்று உனக்கு மறந்திருக்கும். கோயமுத்தூர் மில் ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எல்லாம் மறக்கும் போலிருக்கிறது. உன் அப்பா அப்போது எஸ்டேட்டில் லாரி ஓட்டினார். எஸ்டேட் துரைக்குப் புதுக் கார் வந்ததும் பழையதைக் கொட்டகையில் தள்ளிவிட்டார்கள். பின் சீட்டில் கோழி அடை காத்தது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்தான் சிபாரிசு செய்து அதை உன் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தார். கோழி குஞ்சு பொரித்து இறங்கும் வரைக்கும் இவர் காத்திருந்தார். அப்புறம் ஞாயிறு தவறாமல் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார். கால் இரண்டு மட்டும் வெளியே தெரியும். சோற்றைக் கொண்டுபோய்க் காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். வண்டி கிளம்பிய அன்றைக்கு என்னையும் உன்னையும் ஏற்றிக்கொண்டு நேராகச் சேர்வராயன் கோயிலுக்கு விட்டார். லாரி ஓட்டிய கையல்லவா, சின்ன வளைவுக்கெல்லாம் ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு திருப்பினார். எதிரே வந்த சைக்கிள்காரன் காப்பித் தோட்டத்துக்குள்ளேயே போய்விட்டான். கோயிலுக்குப் போகும் கடைசி ஏற்றத்தில் வண்டி நின்றது. சாமி கும்பிட வந்தவர்கள் தள்ளினார்கள். “ஏம்மா, சாமிக்கு நேந்துக்கிட்டதா? உருண்டு வர்றதுக்குப் பதிலா வண்டியத் தள்ளிக்கிட்டு வர்றதா?” என்று ஒருவர் கேட்டார். நான் பதில் கொடுப்பதற்குள் நீ ஜன்னலில் தலையை நீட்டி, “எங்க காரு, தள்ளுங்க, நல்லாத் தள்ளுங்க!” என்று கத்தினாய். எங்க காரு. உன் வாய்தான் சொன்னது.

கறுப்பாக இருந்த வண்டி அங்கங்கே சோகை பிடித்தது. எஸ்டேட் கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த பச்சைப் பெயிண்டை உன் அப்பா பிரஷ்ஷால் அடித்தார், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. பிரஷ் மயிர் ஒட்டியது ஒட்டியபடி இன்னும் கதவில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ‘கீரை வண்டி’ என்று கூப்பிட்டார்கள். நீ அழுதுகொண்டு வந்தாய். “நாளைக்குக் கூப்பிட்டா, கட்டு என்ன வெலைன்னு கேளு” என்று சொல்லி அனுப்பினேன். நீ கேட்டாயா தெரியாது. அந்த வயதில் அழுததை நான் குறை சொல்லவில்லை. இருபத்தேழு வயதில் மாமனார் முன்னால் அழுதிருக்கிறாயே, கண்ணீர் இல்லாமல், அதைத்தான் சொல்கிறேன்.

எஸ்டேட் வேலையை விட்டு ஏரிக்கரை ஸ்டாண்டில் வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்ததும், ஓட்டுவது அவர், கட்டை போடுவது நான் என்று ஆகிவிட்டது. அந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது எதிரே பஸ் இறங்கினால் நடு ஏற்றத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பின்னால் உருளும். அதற்காக ஒரு பலா முட்டுக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் நான் உட்கார்ந்திருப்பேன். வண்டி நிற்கும்போதே குதித்து, பின் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுப்பேன். பஸ் போனதும் அவர் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார், நான் கட்டையை உருவுவேன். கிளம்பிய வண்டி அப்புறம் ஏற்றத்தில் நிற்காது. சமதளம் வந்த பிறகுதான் நிறுத்துவார். அதுவரைக்கும் நான் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடப்பேன். பஸ் டிரைவர்கள் ஆரன் அடித்து, “அக்கா, வண்டி போயிடுச்சு, கட்டைய நீங்க ஓட்டிக்கிட்டு வர்றீங்களா?” என்பார்கள். “ஆமாங்க, டீசல் மிச்சம்” என்பேன். முதல் தடவை ஏறிய மெட்ராஸ்காரம்மா ஒருத்தி, கட்டையோடு முன்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து மிரண்டு போனாள்.

“நீங்க எதுக்கும்மா கட்டையெல்லாம் வச்சுக்கிட்டு வர்றீங்க?”

“அடுத்த வளைவுல சொல்றேனுங்க.”

அடுத்த வளைவில் குதித்தேன். அந்தம்மா ஐயோ என்று கத்தியதில், எதிரே வந்த பஸ்ஸே நின்றுவிட்டது. இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷமும் உங்க வண்டிதான் என்றாள். வந்தாள். அந்தக் கட்டையால் என் வலது தோள் காய்த்துப் போயிருக்கிறது. நிச்சயத்தன்றைக்கு உன் மாமியார் அதைப் பார்த்து, தண்ணீர்க் குடம் சுமந்ததா என்று கேட்டார். நான் நடந்ததைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் நீ வாசலில் மாமனாரிடம் பக்கத்து வீட்டுக் கதை சொல்லியிருக்கிறாய். உள்ளே இருக்கிற பெண்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். வாசலில் இருக்கிற ஆம்பளைக்கு மட்டும் தெரியாது. உன் மாமனாரும் மாமியாரும் வீட்டில் பேசிக்கொள்ளவே மாட்டார்களா என்ன? இதையெல்லாம் யோசிக்காமல் பொய் சொல்கிற நீ எப்படி மில்லில் கணக்குப் பார்க்கிறாய்?

இதெல்லாம் எனக்கு உண்டான பாடு. உனக்கு அந்த வண்டி என்ன செய்தது என்று நீயே யோசி. மார்கழிக் குளிரில் வண்டி வீட்டுக்கு வந்து நின்றதும் பானெட் சூடாக இருக்கும். நீ ஓடிப்போய் அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப் பாடம் எழுதுவாய். பூனைக்கும் அந்த இடம்தான் வேண்டும். இரண்டு பேருக்கும் நடக்கிற சண்டையில் நோட்டெல்லாம் கீறலாக இருக்கும். வாத்தியார் கேட்டதற்குப் பூனை திருத்தியது என்று சொன்னாயாம். அன்றைக்கு வந்த வாய்தான் இன்றைக்கு இப்படி வளர்ந்திருக்கிறது. முன் சீட்டு ஒரே நீளப் பலகை மாதிரி இருக்கும், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிஸ்கட் டின் மேல் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பாய். வளைவு வரும்போதெல்லாம் அப்பா முழங்கை உன் காதில் இடிக்கும். நீ காதைப் பொத்திக்கொள்வாயே தவிர இடத்தை விட மாட்டாய். மாரமங்கலத்துக்கு உன் அத்தை வீட்டு விருந்துக்குப் போகும்போது, பின் சீட்டு முழுவதும் காலியாக இருந்தாலும் அந்த டின்தான் வேண்டும்.

ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதில்தான். வடிவேலு வீட்டுப் பலா மரத்தில் கொண்டுபோய்ச் சாத்தினாய். அவன் ஓடி வந்து உன்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, “பரவால்லீங்க தம்பி, மரம் நகரலீங்க” என்றான். வண்டி மூக்கில் விழுந்த குழியை அப்பா இன்னும் தட்டி எடுக்கவில்லை. வருகிற ஆட்களிடமெல்லாம் அதைக் காட்டி, பையன் போட்டது என்பார், நீ மெடல் வாங்கி வந்து மாட்டியது போல. சேலத்தில் காலேஜ் சேர்ந்தபோது உன் பெட்டியை அந்த வண்டி மேலேதான் கட்டிக்கொண்டு போனோம். காலேஜுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்கிறேன் என்றாய். அப்பா, ஏன் சாமி, பெட்டி கனமாச்சே என்றார். நடந்தா உடம்புக்கு நல்லதுப்பா என்றாய். எனக்கு அப்போதே புரிந்தது. உன் அப்பாவுக்குப் புரியவில்லை, இல்லை புரியாத மாதிரி இருந்தார். நானும் சின்னப் பிள்ளை வெட்கம் என்று விட்டுவிட்டேன். திரும்பும்போது அவர் ஒவ்வொரு வளைவிலும், பையனுக்கு உடம்பு மேல எவ்வளவு அக்கறை பாரு என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் மடியில் இருந்த கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் வயிறு எரியட்டும் என்றே ஒன்றைச் சொல்கிறேன். உன் மாமனார் அந்த வண்டியை ஏன் கேட்டார் தெரியுமா? நீ பயந்த மாதிரி அவர் அதைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. வடிவேலுவிடம் அவர் சொன்னது இதுதான்: “மேல கேரியர் நல்லாப் பெருசா இருக்குதுங்க. சீர் பாத்திரம் பூராவும் ஒரே நடையில ஏத்திக்கலாம். கீழ இருக்கற டிரைவருங்களுக்கு வளைவு ஒத்து வராது, பொண்ணு வாந்தி எடுத்துருவா. இந்த வண்டி மலைய அளந்த வண்டியாட்ட இருக்குது.” பாத்திரக் கடைக்காரர் கண்ணுக்கு எது எவ்வளவு கொள்ளும் என்றுதான் தெரிந்திருக்கிறது. பச்சையும் தெரியவில்லை, பிரஷ் மயிரும் தெரியவில்லை. நீயாக இல்லாத வெட்கத்தை அவர் தலையில் ஏற்றி, அதற்குப் பயந்து உன் அப்பாவை வாசலிலேயே விற்றுவிட்டாய்.

சனிக்கிழமை முழுவதும் யோசித்தோம். யோசித்தோம் என்றால் நான் சத்தம் போட்டேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சம்பந்திக்கு ஆளனுப்பி உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். அப்பா தலையை ஆட்டினார். “வேண்டா. கல்யாணத்துக்கு மின்னாடி பையன் பொய்யன்னு ஆகக் கூடாது” என்றார். அப்படியென்றால் என்ன செய்வது என்றேன். “அவஞ் சொன்னத நெசமாக்கிப் போடலாம்” என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. நொம்பச் சண்டை போட்டேன். அவர் தார்ப்பாயை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். வடிவேலு சாவியை வாங்கவே மாட்டேன் என்றான்.

“அண்ணா, எனக்கெதுக்குங்க? ஓட்டவே தெரியாதே.”

“நான் ஓட்டித் தாரேன். உன்ற வண்டிக்கு டிரைவரு நான். போதுமா?”

“அக்கா, நீங்களாவது சொல்லுங்க.”

“வாங்கிக்க வடிவேலு. உன்ற வண்டிதான. ஊரெல்லாம் சொல்றாங்க.”

அப்படித்தான் கொடுத்தோம். பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே. ரைட்டரை வைத்துக் காகிதமும் மாற்றிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம். இனிமேல் மாமனாரிடம் நீ சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நிம்மதியாகத் தாலி கட்டு. பொன்னி நேற்றே வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை உனக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, விட்டுவிடுகிறேன்.

இனி நடக்க வேண்டியது உன் கையில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் மாமனார் பதில் கேட்டு வருவார். அதற்குள் நீ மலைக்கு வந்து, வடிவேலு வீட்டு வாசலில் நின்று, அண்ணா, என் கல்யாணத்துக்கு உங்க வண்டி வேணுமுங்க என்று உன் வாயால் கேட்க வேண்டும். கேட்டால் தருவானாம். கேட்காவிட்டால் வண்டி வேறு இடத்துக்குப் பேசியிருக்கிறது என்று மாமனாருக்குச் சொல்லிவிடுவானாம். இது அவன் போட்ட கண்டிஷன், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கொஞ்சம்தான் சொல்லிக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, மாமனார் வந்ததும், இதை எங்கப்பாதான் ஓட்டுவார் என்று சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். சொன்னால் வண்டி யாருடையதாக இருந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. கல்யாணமான பிறகு உன் பெண்டாட்டிக்கும் இதை நீயே சொல். அவள் எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி வைக்காதே.

ஒன்று மட்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நம் வீட்டுக்குள் நுழையாதே. உன் அப்பா கண்ணில் படாமல் நேராக வடிவேலு வீட்டுக்குப் போ. அவர் பார்த்தால், நீ வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே உனக்காக அவரே போய்க் கேட்டுவிடுவார்.

உன் அம்மா